காய்ச்சல் தணிந்தபின் தணியாத களைப்பு

கொரோனா என்னும் பெயரையே மறந்துவிட நாம் அனைவரும் விரும்புகிறோம். 2020 மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோயைப் பெருந்தொற்று என்று அழைத்தது. உலகளாவிய அவசரநிலை முடிவுற்றது என்று 2023 மே 5ஆம் நாள் அதே நிறுவனம் அறிவித்தது. முகக்கவசங்களை மடித்து வைத்துவிட்டோம். திருமணங்களும் திருவிழாக்களும் பழையபடி நடைபெறுகின்றன. ஆயினும் எல்லா இல்லங்களிலிருந்தும் அந்நோய் ஒரே நாளில் விடைபெற்றுச் செல்லவில்லை. சில இல்லங்களில் காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று. நோயுற்றவர் மட்டும் முன்னைய மனிதராய் மீளவில்லை.

இப்படி ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பாருங்கள். அடுப்பில் பாலை வைத்தவர் அதை அடியோடு மறந்துவிடுகிறார். பால் பொங்கிக் கருகிய நாற்றமும் அவர் மூக்கிற்கு எட்டவில்லை. கடைக்குச் சென்றவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வாசலிலேயே திகைத்து நிற்கிறார். ஒருநாள் முனைந்து வீட்டைத் துப்புரவு செய்தால், அடுத்த இரண்டு நாள் படுக்கையை விட்டு எழ இயலவில்லை. இரத்தச் சோதனையில் குறை எதுவும் இல்லை. நெஞ்சுப் படமும் தெளிவாக இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் நோயாளி என்று எவரும் சொல்லமாட்டார். "எல்லாருக்குந்தானே கொரோனா வந்தது? நாங்களெல்லாம் எழுந்து வேலை செய்யவில்லையா?" என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது.

இவ்வாறு கேட்பவர் கொடியவர் அல்லர், அறியாதவர். அந்த அறியாமையால் எத்தனையோ குடும்பங்களில் அமைதி குலைந்திருக்கிறது. கணவன் மனைவியிடையே கசப்பு வளர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் படிப்பும் பெரியவர்களின் வேலையும் கைநழுவியிருக்கின்றன. ஆகவே இம்மாதம் இப்பகுதியில், கொரோனாத் தொற்று மூளையையும் நரம்புகளையும் எவ்வாறு தாக்குகிறது, அவ்வாறு தாக்குண்டோர் எவ்வாறு மீளலாம் என்பதை நாம் ஆராய்வோம்.

நுரையீரலோடு நிற்கவில்லை

தொடக்கத்தில் இதனை நுரையீரல் நோய் என்றே மருத்துவ உலகம் கருதிற்று. ஆயின் சில திங்களுக்குள்ளேயே வேறு செய்திகள் வரத் தொடங்கின. சீன நாட்டின் ஊகான் நகரில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டிருந்த 214 நோயாளரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 78 பேரிடம் தலைச்சுற்றல், தலைவலி, உணர்வு மங்கல், சுவையின்மை, மணமின்மை, தசைக் காயம் போன்ற நரம்பு சார்ந்த குறிகள் காணப்பட்டன. இவ்வாய்வு 2020 ஏப்ரலில் வெளியாயிற்று. அதே பருவத்தில், நியூயார்க் நகரில் இரண்டே வார இடைவெளியில் 50 வயது நிரம்பாத ஐவர் மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதத்தோடு வந்தனர். அவர்களிடம் கொரோனாக் கிருமி இருந்தது. இத்தாலியின் வடபகுதியிலோ, தொற்று வந்த சில நாள்களில் பெரும்பாலும் கால்கள் செயலிழந்து, பின் கைகளும் தளர்ந்துபோன ஐந்து நோயாளரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினர். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாகத் தன் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே என்னும் நோய் அது.

இவை அரிதாய் நேரும் கடுமையான விளைவுகள். பெருவாரியான மக்களைத் தொட்டதோ வேறொன்று. அதனை முதலில் முறையாகப் பதிவு செய்தவற்றுள் ஒன்று உரோமை நகரின் ஜெமெல்லி மருத்துவமனை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இம்மருத்துவமனை நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 1981 மே 13ஆம் நாள் சுடப்பட்ட திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொண்டுசெல்லப்பட்டது இங்கேதான். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை பிரான்சிசு 38 நாள் தங்கிச் சிகிச்சை பெற்றதும் இங்கேதான். கொரோனாவிலிருந்து மீண்டு வீடு திரும்பியோரைத் தொடர்ந்து கவனிப்பதற்கென 2020 ஏப்ரல் 21ஆம் நாள் இங்கு ஒரு புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கே சோதிக்கப்பட்ட 143 பேரும் நோய் தொடங்கிச் சராசரியாக 60 நாள் கடந்தவர்கள். அவர்களுள் எந்தக் குறியும் இல்லாதவர் 18 பேர் மட்டுமே! பாதிக்கு மேற்பட்டோர் சோர்வு என்றனர். ஐவரில் இருவருக்கு மேல் மூச்சுத் திணறல் என்றனர். இவர்கள் அனைவரும் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவு நோயுற்றவர்கள் என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். எனினும், கிருமி போனதும் நோயும் போயிற்று என்னும் எண்ணத்தை அந்தச் சிறு கணக்கு அசைத்துவிட்டது.

இந்த நிலைக்குப் பெயரிட்டவர் மருத்துவர் அல்லர் என்பது கருதத்தக்கது. தாமும் நோயுற்ற இத்தாலியத் தொல்லியல் அறிஞர் எலிசா பெரேகோ 2020 மே மாதத்தில் 'நீண்ட கோவிட்' என்னும் பொருளுடைய பெயரை வழங்கினார். உலகம் அதை ஏற்றுக்கொண்டது. 2021 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு இலக்கணம் வகுத்தது. நோய் தொடங்கி வழக்கமாக மூன்று மாதம் ஆனபின்னும் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க இயலாத குறிகளே நீண்ட கோவிட் என்பது அதன் சாரம். களைப்பு, மூச்சிரைப்பு, சிந்தனைத் தடுமாற்றம் ஆகியன அதன் முதன்மையான குறிகள். நோயுற்றோர் தம் துன்பத்தை வாய்திறந்து சொன்னமையாலேயே மருத்துவம் விழித்துக்கொண்டது எனலாம்.

மூளையில் நடப்பது என்ன?

கிருமி மூளைக்குள் புகுந்து அங்கே பெருகுகிறது என்பது பெரும்பாலோர் அச்சம். அது பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. கிருமியை எதிர்க்கும் போரில் உடல் எழுப்பும் அழற்சியே மூளையையும் வந்து தொடுகிறது. நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவர் புண்படுகிறது. இரத்தம் எளிதில் உறையும் தன்மை அடைகிறது. சிலரிடம் எதிர்ப்பு ஆற்றல் போர் முடிந்த பின்னும் ஓயாது தன்னுடலையே தாக்குகிறது. மணம் போவதற்கும் இத்தகைய காரணமே உண்டு. மணத்தை உணரும் நரம்பணுக்களைக் கிருமி நேரே தாக்குவது அரிது. அவற்றைத் தாங்கிப் போற்றும் துணையணுக்களையே அது அழிக்கிறது. பந்தற்கால் சாய்ந்தால் கொடியும் சாய்வது போன்றது இது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 785 பேரின் மூளைப் படங்களை இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டு 2022 மார்ச்சில் வெளியிட்டனர். இரு படங்களுக்கும் இடையே 401 பேருக்குக் கொரோனா வந்திருந்தது. அவர்களுள் 15 பேரைத் தவிர மற்றையோர் மருத்துவமனைக்கே செல்லாதவர்கள். எனினும், மணத்தோடும் நினைவோடும் தொடர்புடைய சில பகுதிகளில் அவர்களுக்குச் சிறிது கூடுதலான தேய்வு தெரிந்தது. அத்தேய்வு விழுக்காட்டில் 0.2 முதல் 2 வரையே. அஞ்சி நடுங்கத் தக்கதன்று. ஆனால் 'எல்லாம் மனப்பிரமை' என்று இனி எவரும் சொல்ல இயலாது.

2024 பிப்ரவரியில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் ஏறத்தாழ 1,13,000 பேரின் நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சோதித்த முடிவை வெளியிட்டனர். அறிவுத்திறனை அளக்கும் வழக்கமான அளவையில், நோய் வந்து குணமானோர் மூன்று புள்ளியளவும், குறிகள் நீடித்தோர் ஆறு புள்ளியளவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோர் ஒன்பது புள்ளியளவும் பின்தங்கியிருந்தனர். இவ்வாய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு: நெடுநாள் வருந்திப் பின் குறிகள் நீங்கப் பெற்றோரிடம் குறைபாடு மிகச் சிறிதே இருந்தது, விரைவில் குணமானோர் நிலையையே அவர்களும் எட்டியிருந்தனர். மூடியிருந்த பனி விலகக்கூடும் என்பதே இதன் பொருள்.

தீவிர சிகிச்சையிலிருந்து திரும்பியோர்

செயற்கைச் சுவாசக் கருவியோடு பல நாள் கிடந்து உயிர் பிழைத்து வந்தவர்களின் நிலை தனியானது. நெடுநாள் கடும் நோயில் கிடப்போரின் கைகால் நரம்புகளே நலிந்துவிடுவதைக் கனடா நாட்டு மருத்துவர் சார்லஸ் போல்ட்டன் 1984லேயே எடுத்துக்காட்டினார். ஆகவே வீடு வந்தவர் தேநீர்க் கோப்பையைத் தூக்க இயலாமல் நடுங்கினாலும், படியேறக் கால் மறுத்தாலும் வியப்பதற்கில்லை. குழாய் இருந்த தொண்டை விழுங்கவும் பேசவும் மீண்டும் பழக வேண்டும். இரவில் அஞ்சி விழிப்பதும், நடவாத காட்சிகளை நடந்தவையாகச் சொல்வதும் பலரிடம் உண்டு.

காய்ச்சலில் பிதற்றுவதை 'ஜன்னி கண்டுவிட்டது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அத்தகைய மனக்குழப்பத்தைப் பற்றி 14 நாடுகளின் 69 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,088 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இக்குழப்பத்திற்கு உள்ளாயினர். உறக்க மருந்துகளுள் ஒருவகை அதை மிகுவித்தது. குறைத்தது எது தெரியுமா? குடும்பத்தாரின் வருகை! நேரில் வந்தாலும், தொலைபேசித் திரையில் முகம் காட்டிப் பேசினாலும், குழப்பம் ஏற்படும் வாய்ப்பு குறைந்தது. உற்றாரின் குரல் நோயுற்ற மூளைக்கு இன்றியமையாத துணை என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எது காட்டும்?

சோம்பலா, நோயா?

உழைப்பை உயர்வாகப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்று என்று சிறுவயதிலேயே மறைக்கல்வியில் படித்தோம். ஆதலால் பகலில் படுத்திருப்பவரைக் கண்டால் நம் மனம் எளிதில் ஐயுறுகிறது. நோயுற்றவரும் தம்மைத் தாமே குற்றவாளியாக எண்ணி வருந்துகிறார். இங்கேதான் நாம் தெளிவுபெற வேண்டும். சோம்பேறி வேலை செய்ய விரும்பாதவன். நோயாளியோ விரும்பியும் இயலாதவர், விரும்பிச் செய்தமையாலேயே மறுநாள் வீழ்பவர்.

இந்த வீழ்ச்சி நீண்ட கோவிட் உற்றோர் பலரிடம் காணப்படும் அடையாளம். உடலாலோ மூளையாலோ அளவுக்கு மீறி உழைத்தால், உடனே அன்று, பல மணிநேரம் கழித்தோ அடுத்த நாளோ குறிகள் அனைத்தும் திரண்டு வருகின்றன. நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கின்றன. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் இத்தகைய 25 நோயாளரின் தசையை, உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தனர். பயிற்சிக்குப் பின் அவர்கள் தசையில் சேதம் மிகுந்திருந்ததையும், ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள் சரிவர இயங்காமையையும் அவர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்டனர். 'நடந்தால் சரியாகிவிடும்' என்று இவர்களை விரட்டுவது, முறிந்த காலோடு ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இன்னொரு வகையினர் உண்டு. படுத்திருக்கும்போது நலமாயிருப்பர், எழுந்து நின்றதும் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், கண் இருளும். இதயத் துடிப்பையும் இரத்த ஓட்டத்தையும் நாம் அறியாமலே ஒழுங்குபடுத்தும் தன்னியக்க நரம்புகள் தடுமாறுவதே காரணம். நின்ற பத்து நிமிடத்திற்குள், இரத்த அழுத்தம் குறையாமலே, நாடித் துடிப்பு நிமிடத்திற்கு முப்பதுக்கு மேல் கூடுமாயின் மருத்துவர் இதனை ஐயுறுவர். திருப்பலியில் அனைவரும் எழுந்து நிற்கையில் ஒருவர் அமர்ந்தே இருந்தால், பக்திக் குறைவு என்று அவரை நாம் உற்றுநோக்க வேண்டா. அவர் அன்று கோவிலுக்கு வந்ததே பெருமுயற்சியாக இருக்கலாம்.

மறுவாழ்வு என்பது யாது?

2020 மே மாதத்தில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு இல்லம் திறக்கப்பட்டது. போர்க்களத்தில் காயமுற்ற படைவீரர்கள் பல்லாண்டுக் காலம் பயிற்சி பெற்றுவந்த ஹெட்லி கோர்ட் என்னும் வளாகமே அதற்கு இடமாயிற்று. கிரிமியப் போரில் வீரர்களுக்குப் பணிபுரிந்த ஜமைக்கா நாட்டுச் செவிலி மேரி சீக்கோலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கொரோனாவிலிருந்து பிழைத்தவரைப் போரிலிருந்து மீண்டவராகவே கருதினர் போலும்! அத்தகைய இல்லங்களில் மருத்துவர் ஒருவர் மட்டும் பணிபுரிவதில்லை. நடையையும் மூச்சையும் பயிற்றுவிக்கும் பிசியோதெரபி நிபுணர், குளித்தல், உடுத்தல், சமைத்தல் போன்ற அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்குவோர், விழுங்கவும் பேசவும் கற்பிப்போர், உணவு வல்லுநர், மனநல ஆலோசகர் ஆகிய பலரும் கூடி ஒரு நோயாளிக்குத் திட்டம் வகுக்கின்றனர்.

எல்லாருக்கும் பொதுவான ஒரே பயிற்சி கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி மூன்று மாதம் கடந்தும் நலமடையாத 585 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒரு சாராருக்கு நிபுணர் மேற்பார்வையில் எட்டு வாரம் உடற்பயிற்சியும் மனநலத் துணையும் அளிக்கப்பட்டன. அவர்களது வாழ்க்கைத் தரம் சிறிது மேம்பட்டது; அம்மேம்பாடு ஓராண்டு கழித்தும் நிலைத்தது. இது 2024இல் வெளியான செய்தி. மறுபுறம், உழைத்த மறுநாள் வீழ்பவருக்கு ஒவ்வொரு வாரமும் பயிற்சியைக் கட்டாயமாகக் கூட்டிச் செல்லும் முறை தீங்கு செய்யும். இதனையொத்த நெடுநாள் களைப்பு நோய்க்கு அம்முறையை இனி அளிக்கலாகாது என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2021 அக்டோபரிலேயே கூறிவிட்டது. ஆகவே, மறுநாள் வீழ்ச்சி உண்டா இல்லையா என்பதை முதலில் அறிந்தே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

கோடைக்காலக் கிணற்றை நாம் அறிவோம். ஊறும் அளவறிந்து இறைப்பவனுக்கு நாள்தோறும் நீர் கிடைக்கும். ஒரே நாளில் வற்ற இறைத்தவனுக்குச் சேறே மிஞ்சும். நோயாளியின் வலிமையும் இத்தகையதே. 'இன்று உடம்பு நன்றாயிருக்கிறது' என்று எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடிக்க முனைவதே பலர் மீண்டும் மீண்டும் வீழ்வதற்குக் காரணம். உலகச் சுகாதார நிறுவனம் நோயாளருக்கென வெளியிட்ட கையேடு மூன்றை வலியுறுத்துகிறது: நாளை முன்கூட்டித் திட்டமிடல், வேலையைப் பகுத்துச் செய்தல், இன்றியமையாததை முதலில் செய்தல்.

இதனை நம் வீட்டு நடைமுறையில் சொல்வோம். காய் நறுக்குவதையும் துணி மடிப்பதையும் உட்கார்ந்தே செய்யலாம். குளிக்கும்போது முக்காலியில் அமரலாம். கால்மணி நேரம் வேலை என்றால், களைப்புத் தோன்றுமுன்னரே கால்மணி நேரம் ஓய்வு கொள்ளலாம். துணி துவைக்கும் நாளில் கடைக்குச் செல்லாதிருக்கலாம். எந்த நாள் என்ன செய்தோம், மறுநாள் எப்படி இருந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், ஊற்றின் அளவு இரண்டொரு வாரத்தில் புலப்படும். பின்னர் வீழ்ச்சியின்றிச் சில வாரம் கழிந்தபின், சிறுகச் சிறுகக் கூட்டலாம்.

மறதிக்கும் வழியுண்டு. ஒரே வேளையில் ஒரே செயல் என்பது முதல் விதி. அடுப்பருகே நிற்கும்போது தொலைபேசியில் பேச வேண்டா. மருந்து வேளைகளைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சாவிக்கும் கண்ணாடிக்கும் ஒரே இடம் வையுங்கள். கணக்குப் பார்த்தல், கடிதம் எழுதுதல் போன்றவற்றை மனம் தெளிவாயிருக்கும் காலை வேளையில் முடித்துக்கொள்ளலாம். படிக்கும் பிள்ளையாயின் ஆசிரியரிடம் நிலையை விளக்கி, பாடங்களைச் சிறு பகுதிகளாக்கித் தருமாறு கேட்கலாம். பணிக்குத் திரும்புவோர் தொடக்கத்தில் அரைநாளாக, வாரத்தில் சில நாளாகச் செல்ல இசைவு பெறுவது நலம்.

எழுந்து நின்றால் தலை சுற்றுவோர் படுக்கையிலிருந்து மெல்ல எழுந்து, சற்று அமர்ந்து, பின்னரே நிற்க வேண்டும். நீர் நிறையப் பருகவும், உப்பைச் சிறிது கூட்டவும், கால்களை இறுக்கிப் பிடிக்கும் காலுறை அணியவும் மருத்துவர் கூறுவதுண்டு. ஆயினும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரக, இதய நோயும் உள்ளோர்க்கு உப்பும் மிகுநீரும் தீங்காகலாம். மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது.

மூக்கிற்கும் பயிற்சி உண்டு

மணம் இழந்தோர்க்கு எளிய பயிற்சி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ரோசா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் 12 வாரம் முகர்ந்து பழகுவதே அது. நான்கும் நம் வீட்டில் எளிதாகக் கிடைப்பவையே; யூக்கலிப்டஸ் என்பது நாம் சளிக்குத் தடவும் நீலகிரித் தைலந்தான். ஒவ்வொன்றையும் சிறிது நேரம் மெல்ல முகர்ந்து, அதன் பழைய மணத்தை நினைவில் கொண்டுவர முயல வேண்டும். தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி விட்டு முகர்ந்தால் போதும். உட்கொண்டால் நஞ்சாகும், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இப்பயிற்சி எல்லாருக்கும் பலிப்பதில்லை. பலிப்பதற்கும் பொறுமை வேண்டும். மீண்டுவரும் நாள்களில் காப்பியும் வெங்காயமும் அருவருப்பான நாற்றமாகத் தோன்றுவதுண்டு; நரம்புகள் மீண்டும் வளர்கையில் நேரும் தடுமாற்றம் அது.

மணம் தெரியாதவர் தனியே சமைக்கும் வீட்டில் கேஸ் கசிவு பேராபத்து. சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடுவதையும், பழைய உணவை நாள் குறித்து வைப்பதையும் வழக்கமாக்குங்கள். பசியும் உணவில் நாட்டமும் குறைந்து அவர் மெலிவதையும் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் கொரோனாவின் மேல் ஏற்றலாமா?

கூடாது. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, நீரிழிவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு ஆகியவையும் களைப்பையும் மறதியையும் தரும். அவற்றிற்கு உறுதியான மருந்தும் உண்டு. ஆகவே முறையான சோதனை முதலில் வேண்டும். வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனத் தளர்தல், பேச்சுக் குளறல் ஆகியன பக்கவாதத்தின் அறிகுறிகள். உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நான்கரை மணிநேரத்துக்குள் தரப்பட வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. இரு கால்களும் நாளுக்கு நாள் செயலிழந்து மேலே பரவினாலும், வலிப்பு வந்தாலும், நெஞ்சு வலித்தாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் நோயாளியின் பேச்சில் தோன்றினாலும் காத்திருத்தல் ஆகாது.

இந்நோயை ஒரே அடியில் தீர்க்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரே வாரத்தில் குணமாக்குவோம் என்று விலையுயர்ந்த சிகிச்சைகளை விற்போரிடம் சேமிப்பை இழந்துவிடாதீர்கள். தடுப்பூசி இந்நீண்ட நோய் வரும் வாய்ப்பைக் குறைத்திருக்கிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு.

குடும்பத்தாரின் பங்கு

மருத்துவமனையும் நிபுணரும் எல்லாருக்கும் எட்டுவதில்லை. ஆனால் மறுவாழ்வின் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெறுகிறது. அதற்கு வேண்டிய முதற்பொருள் நம்பிக்கை: அவர் சொல்வதை நாம் நம்புதல். 'நீ நடிக்கிறாய்' என்னும் சொல் ஒரு நோயாளியை எவ்வளவு தனிமைப்படுத்தும்! 'இன்று எவ்வளவு இயலும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்னும் சொல் எவ்வளவு வலிமை தரும்!

நோயுற்றவர் தாயாக இருக்கும் வீடுகளை நாம் தனியே நினைவுகூர்கிறோம். தந்தை படுத்தால் வீடே சுற்றி நிற்கும். தாய் படுத்தால் வீடு நின்றுவிடும். அதனாலேயே அவர் படுப்பதில்லை. அதனாலேயே அவர் குணமாவதுமில்லை. கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொள்வது அவ்வீட்டில் உதவி மட்டுமன்று, சிகிச்சை. அவ்வாறே பணிவிடை செய்பவரும் மனிதரே. அவருக்கும் வாரத்தில் ஒருநாளேனும் ஓய்வு தர உறவினரும் அயலாரும் முன்வர வேண்டும். நம் பங்குகளில் நோயாளரைச் சந்திக்கும் அன்பர்கள் இவ்வீடுகளையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சென்றால் கால்மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டா. பேச்சும் அவர்களைக் களைப்படையச் செய்யும். ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொடுத்துவிட்டு வந்தால், அதுவே நெடுநேர ஆறுதல் மொழியைவிடப் பயனுடையது.

பலர் மாதங்களில் நலமடைகின்றனர். சிலருக்கு ஆண்டுகள் ஆகின்றன. சிலர் முழுமையாக மீளாமலும் வாழ்கின்றனர். எந்த வரிசையில் நம்மவர் இருக்கிறார் என்பதை முன்கூட்டி எவரும் சொல்ல இயலாது. அவர் நாள்தோறும் தம் ஊற்றின் அளவறிந்து வாழ்வதும், நாம் அந்த அளவை மதிப்பதுமே இப்போது நம் கையில் உள்ளவை. இன்றிரவு உணவு முடிந்ததும், வீட்டில் களைத்திருப்பவரின் அருகே அமர்ந்து, "உனக்கு எந்த வேலை மிகவும் கடினமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் அந்த ஒரு வேலையை நாளை முதல் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.